ஓடாமல் ஒரு டூர்: உத்திரமேரூரில் ஒரு நாள்... வீட்டில் எல்லோருக்கும் ஓய்வு!

ஞாயிற்றுக்கிழமை டூர் போய் வந்த களைப்பு தீர, திங்கட்கிழமை லீவு போடுபவரா நீங்கள்? இந்த வாரப் பயணம் உங்களுக்குத்தான்.

பல வீடுகளில் ஒரு நாள் சுற்றுலா இப்படித்தான் நடக்கிறது. விடிகாலை நாலு மணிக்கே எழுந்து அம்மா புளியோதரை கிளறுகிறார். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஏழரைக்குக் கிளம்புகிறது. ஆறு கோயில், ஒரு பார்க், ஒரு பீச் என்று நீளமாக ஒரு பட்டியல். ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிஷம். இறங்கு, செல்ஃபி எடு, ஏறு. மூட்டுவலியோடு வந்த பாட்டி மூன்றாவது இடத்திலேயே, “நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியிலயே இருக்கேன்” என்று சொல்லிவிடுகிறார். பிள்ளைகள் பின்சீட்டில் போனும் கையுமாக. வீடு வந்து சேர ராத்திரி பதினொன்று. அப்புறமும் டிபன் கேரியரைக் கழுவி வைப்பது அம்மாதான்.

காசும் செலவாகி, உடம்பும் நொந்து போகிற இந்தப் பயணத்தில் ஓய்வு கிடைத்தது யாருக்கு?

இதற்கு மாற்று ரொம்ப எளிது. பட்டியலைச் சுருக்க வேண்டும். ஒரே ஊர், ஓர் ஏரி, இரண்டு மூன்று கோயில்கள், கொஞ்சம் நடை, மதியம் ஒரு தூக்கம், இருட்டுவதற்குள் திரும்புவது. அப்படி ஒரு நாளுக்குப் பொருத்தமான ஊர், காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிற உத்திரமேரூர்.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து சுமார் 90 கி.மீ. காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. செங்கல்பட்டு வரை மின்சார ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். காஞ்சிபுரம் வழியாக வருபவர்களுக்கும் பஸ் இருக்கிறது. சொந்த வண்டியில் வந்தாலும், ஊருக்குள் வந்ததும் வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடந்து விடுவது நல்லது. பார்க்க வேண்டிய பழைய கோயில்கள் எல்லாம் ஊருக்குள்ளேயே, நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. தெருக்களில் மேடு பள்ளம் அதிகம் இல்லாததால் தாத்தா பாட்டிக்கும் சிரமம் இருக்காது.

நடைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடங்கள். ஆபீஸ் நாற்காலியிலும் ஸ்கூல் வேனிலும் கழிகிற வாரத்தில் இந்தக் கணக்கு எங்கே நேராகிறது? உத்திரமேரூரில் காலையிலும் மாலையிலும் நிதானமாகச் சுற்றினாலே, வாரக் கணக்கில் ஒரு பகுதி முடிந்துவிடும். உடற்பயிற்சி செய்கிறோம் என்ற நினைப்பே வராது.

காலை: மூன்று தளத்தில் ஒரு பெருமாள்

வெயில் ஏறுவதற்குள் முதலில் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட வேண்டும். பல்லவர் காலத்துக் கோயில். இங்கே பெருமாள் மூன்று தளங்களில் மூன்று கோலத்தில் இருக்கிறார். கீழ்த்தளத்தில் நின்ற கோலம், நடுத்தளத்தில் அமர்ந்த கோலம், மேல்தளத்தில் சயன கோலம். ஒரே விமானத்துக்குள் மூன்று சந்நிதிகளும் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்திருப்பதுதான் இந்தக் கோயிலின் அழகு.

மேலே போகப் படிகள் உண்டு. பிள்ளைகள் துள்ளிக்கொண்டு ஏறுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் வீம்புக்கு ஏற வேண்டாம். கீழே நின்ற கோலத்தைச் சேவித்துவிட்டுப் பிராகாரத்தில் நிழலாக ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். மேலே போய் வந்த பேரப்பிள்ளை, தான் பார்த்ததைப் பாட்டிக்கு விவரமாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். சொல்வதற்காகவே கவனமாகப் பார்ப்பார்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. கோயிலுக்குள் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். பத்து மணி தாண்டினால் கருங்கல் தளம் சுட ஆரம்பித்துவிடும். நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளம் போட்டிருப்பது தெரியும். அவர்கள் காலை எட்டரைக்குள் தரிசனத்தை முடித்துவிடலாம். இரவு படுப்பதற்கு முன் உள்ளங்காலை ஒருமுறை பார்த்துவிடலாம்.

கல்லில் எழுதிய தேர்தல் விதி

அடுத்து, ஊரின் நடுவில் இருக்கிற வைகுண்டப் பெருமாள் கோயில். இந்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் ‘குடவோலை முறை’ என்று இரண்டு மார்க் கேள்விக்குப் படித்தோமே, அது கல்லில் வெட்டப்பட்டிருப்பது இந்த மண்டபத்தின் சுவரில்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் தன் பேச்சில் குறிப்பிட்டதும் இந்த ஊரைத்தான்.

பிள்ளைகளுக்கு இங்கே கதை சொல்ல நிறைய இருக்கிறது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இப்போதைய வார்டு மாதிரி. தகுதி உள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி குடத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காக! பிறகு அந்தப் பெயரை உரக்கப் படிப்பார்கள்.

ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம், தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம், பொன்னைச் சோதிக்கப் பொன் வாரியம் என்று வேலைக்கு ஒரு குழு. உறுப்பினர் ஆக வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை.

இன்னொரு பக்கத்தையும் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும். அது பிராமணர்களின் ஊர்ச் சபை. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களின் பெயர்கள்தான் குடத்துக்குள் போயின. பெண்களின் பெயர் போகவில்லை. அந்த நிலத்தில் உழுதவர்களின் பெயரும் போகவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இவ்வளவு நுணுக்கமாக விதி எழுதியதைப் பார்த்து வியக்கலாம். அந்தக் குடத்தில் யார் பெயர் இல்லை என்றும் கேட்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த இரண்டும் தெரிந்தால், பாடப்புத்தகத்தில் கிடைக்காத ஒன்று கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

சுவரைத் தடவுவது, எழுத்து நன்றாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் பூசுவது, பேர் கிறுக்குவது எல்லாம் வேண்டவே வேண்டாம். பார்க்க மட்டும்தான்.

மதியம்: ஒன்றும் செய்யாத மூன்று மணி நேரம்

பெரும்பாலான கோயில்களைப் போல இங்கும் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். நிறைய பேர் இந்த நேரத்தை வீணென்று நினைத்து அடுத்த ஊருக்கு வண்டியை விரட்டுகிறார்கள். பயணத்தில் உண்மையான ஓய்வு இந்த நேரத்தில்தான் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு, நிழல் பார்த்து ஒரு பாயை விரித்து, பன்னிரண்டு முதல் மூன்று வரை ஒன்றுமே செய்யாமல் இருங்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு இந்தத் தூக்கம் கட்டாயம். மாலையில் நெடுஞ்சாலையில் கண் சொருகாமல் இருக்க வேண்டுமே!

சாப்பாட்டை எளிமையாக வைத்துக்கொள்ளலாம். காஞ்சிபுரம் வழியாக வருபவர்கள் காலை டிபனுக்குக் காஞ்சிபுரம் இட்லி சாப்பிடலாம். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை போட்ட மூங்கில் கூடையில் அவிக்கிற கோயில் இட்லியின் வழி வந்தது. மதியத்துக்கு ஊரில் இருக்கிற ஹோட்டலில் சூடாகச் சாப்பிட்டுவிட்டால் சமையலறை வேலை மிச்சம். வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும் என்றால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். புளிக்காய்ச்சலை முதல் நாள் இரவே ஒருவர் செய்து வைக்கலாம். வாழை இலையும் தண்ணீர் பாட்டிலும் இன்னொருவர் பொறுப்பு. திரும்பி வந்ததும் பாத்திரம் கழுவுவது மூன்றாமவர் பொறுப்பு. தேங்காய் சேர்த்த சாதமும் சட்னியும் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும், தவிர்த்துவிடலாம்.

தண்ணீர் விஷயத்தில் பெண்களுக்கு ஒரு வார்த்தை. கழிப்பறை கிடைக்காது என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறவர்கள் நிறைய பேர். தலைவலியும் சிறுநீர்த் தொற்றும் வருவது இதனால்தான். கிளம்புவதற்கு முன்பே எங்கெங்கே நிறுத்துவது என்று பிளான் செய்துவிடுங்கள். பெட்ரோல் பங்க்கில் கழிப்பறையைக் கேட்கத் தயங்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்று வண்டி ஓட்டுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், வழியில் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மாலை: ஏரிக்கரை நடை

வெயில் தாழ்ந்ததும் ஏரிப் பக்கம் போகலாம். பல்லவர் காலத்திலிருந்து இருக்கிற ஏரி இது. கல்வெட்டுகளில் இதன் பெயர் வயிரமேகத் தடாகம். ஏரியில் தூர் எடுப்பதற்காக ஊர்ச் சபையிடம் பொன் கொடுத்து வைத்தவர்களைப் பற்றிக்கூட இந்த ஊர்க் கல்வெட்டுகள் பேசுகின்றன. காலையில் பார்த்த கல்வெட்டில் ஏரி வாரியம் என்று இருந்ததே, அதற்கு என்ன வேலை என்று கரையில் நின்று பார்த்தால் பிள்ளைகளுக்கே புரிந்துவிடும்.

மழைக்காலம் முடிந்த மார்கழி, தை மாதங்களில் ஏரியில் தண்ணீர் நின்று, வயலெல்லாம் பச்சையாக இருக்கும்போது இந்த நடைக்கு ஈடே இல்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு அரை மணி நேரம் பேசிக்கொண்டே நடந்தால் போதும். பேசாமல் நடந்தாலும் நல்லதுதான். மழை நாட்களில் கரை வழுக்கும். தண்ணீர் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் இறங்கிக் குளிக்க வேண்டாம். ஆழமும் சேறும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது.

இன்னும் தெம்பு இருந்தால் ஒன்றே ஒன்று!

முதல் வழி வேடந்தாங்கல். இங்கிருந்து சுமார் 20 கி.மீ. நவம்பரிலிருந்து மார்ச் வரை சீசன். மாலை நாலு மணிக்குப் போனால், இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்புவதைப் பார்க்கலாம். நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம் என்று பெயர்களை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, பார்த்ததை டிக் அடிக்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு நேரம் போவதே தெரியாது. பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஏரியை ஊர் மக்கள்தான் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். பறவைகளைச் சுடுவதற்கு எதிராக அவர்கள் 1798-லேயே அன்றைய செங்கல்பட்டு கலெக்டரிடம் உரிமை வாங்கினார்கள். தீபாவளிக்குக்கூட அங்கே பட்டாசு வெடிப்பதில்லை. 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. அந்த ஊருக்குப் போகிறவர்கள் ஹாரன் அடிக்காமல், ஸ்பீக்கரில் பாட்டு போடாமல் போவதுதான் மரியாதை.

இன்னொரு வழி, பறவை சீசன் இல்லாத மாதங்களுக்கானது. வாலாஜாபாத் பக்கம், பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல். பழையசீவரத்துக்கு எதிர்க்கரை. அங்கே இருக்கிற வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11-ம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு ஒன்று ஓர் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்கிறது. 15 படுக்கைகள். ஒரு வைத்தியர், அறுவைச் சிகிச்சை செய்கிறவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் என்று ஊழியர் பட்டியலே இருக்கிறது. கடுக்காய் சேர்ந்த மருந்துகள், தைலங்கள் என்று சுமார் 20 வகை மருந்துகளின் பெயர்களும் இருக்கின்றன. ஆரோக்கியச் சுற்றுலா என்று இப்போது பேசுகிறோம். நோயாளிக்குப் படுக்கையும் பராமரிப்பும் வேண்டும் என்று ஆற்றங்கரைக் கோயில் ஒன்று அப்போதே யோசித்திருக்கிறது!

இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் பார்க்க ஆசைப்பட்டால் பழைய ஓட்டம் திரும்பிவிடும்.

தனியாகப் போகிறவர்களுக்கு

குடும்பத்தோடுதான் போக வேண்டும் என்றில்லை. வாரம் முழுக்க அடுத்தவருக்காகவே ஓடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு நாள் கிடைப்பது பெரிய ஓய்வு. காலை முதல் பஸ்ஸில் கிளம்பி, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மண்டபத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மதியச் சாப்பாட்டோடு திரும்பினாலும் போதும். சைக்கிள் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பக்கத்துக் கிராமச் சாலைகள் நல்ல தோது. லாரி போகிற மெயின் ரோட்டை மட்டும் தவிர்க்க வேண்டும்.

எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். திரும்புவதற்கான கடைசி பஸ்ஸை நம்பாமல், அதற்கு முந்தைய பஸ்ஸைப் பிடியுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டும் போனில் இருக்கட்டும்.

எப்போது போகலாம்?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அருமையான காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை நிலவரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் போவதென்றால் அரை நாள் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு ஊரில் இருந்து, பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். வழியில் நுங்கும் மோரும் கிடைத்தால் விடாதீர்கள். தலைசுற்றல், குமட்டல், வியர்வை நின்று உடம்பு கொதிப்பது போன்றவை தெரிந்தால் உடனே நிழலுக்கு வந்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, மருத்துவ உதவி தேட வேண்டும்.

பி.பி, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேளை தவறக் கூடாது. மாத்திரையைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் கைப்பையில் வையுங்கள். சர்க்கரை திடீரெனக் குறைந்தால் உதவ நாலு மிட்டாயோ சர்க்கரைப் பொட்டலமோ கூடவே இருக்கட்டும். இதய நோய் உள்ளவர்கள் நீண்ட நடைக்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு ஒரு குடவோலை

உத்திரமேரூரிலிருந்து வாங்கி வர பொம்மையோ பட்டோ வேண்டியதில்லை. ஒரு பழக்கத்தை எடுத்து வரலாம்.

அடுத்த டூர் எங்கே என்று வீட்டில் முடிவு செய்வது யார்? பெரும்பாலும் வண்டி ஓட்டுகிறவர், அல்லது சம்பளம் வாங்குகிறவர். பாட்டிக்குப் போக ஆசையான ஊர் எது என்று யாரும் கேட்பதில்லை. அம்மாவைக் கேட்டால், “உங்களுக்கு எங்க பிடிக்குதோ அங்க போலாம்” என்பதுதான் பதில். பல வருஷமாக யாரும் கேட்காததால் வந்த பதில் அது.

ஒரு சின்னக் குடத்தையோ பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலையோ எடுங்கள். வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் தனித்தனிச் சீட்டில் எழுதிப் போடுங்கள். பாட்டி, அம்மா, யூ.கே.ஜி படிக்கிற வாண்டு உட்பட. 1,100 வருஷத்துக்கு முன்பு விட்டுப்போன பெயர்களை நம் வீட்டுக் குடத்திலாவது சேர்த்துவிடலாமே! வீட்டிலேயே சின்னப் பிள்ளை சீட்டை எடுக்கட்டும். வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து வாங்கட்டும். யார் பெயர் வருகிறதோ, அடுத்த பயணத்தில் எந்த ஊர், எத்தனை மணிக்குக் கிளம்புவது, மதியம் எவ்வளவு நேரம் தூங்குவது எல்லாம் அவர் முடிவு. அவர் பெயர் மற்ற எல்லோருக்கும் முறை வரும் வரை குடத்துக்குள் போகாது. செலவுக் கணக்கை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதவருக்கு அடுத்த முறை இடம் இல்லை!

அம்மாவின் சீட்டு வந்து, “இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கயும் போக வேண்டாம், யாரும் என்னை எழுப்பாதீங்க” என்று அவர் முடிவு சொன்னால், அதற்கும் எல்லோரும் கட்டுப்பட வேண்டும். விதி என்றால் விதிதான்.